பணியாளும் வழிகாட்டியும்: வீட்டில் கிடப்போரைப் பராமரித்த ஒரு வரலாறு

மரக்காணத்து உப்பளங்களில் வேலை பொழுது விடியுமுன் தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க இயலாது. உப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். காலின் தோல் வெடித்து எரியும். ஆதலால் ஆண்களும் பெண்களும் ஃபஜ்ருக்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர். தை மாதத்தில் தொடங்கும் இவ்வேலை வடகிழக்குப் பருவமழை வரும் வரை நீடிக்கும்.

நம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவர் உப்புக் காலம் முழுவதும் காலை வகுப்புக்கு வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் நாமும் ஒவ்வொரு நாளும் அவர் பெயருக்கு நேரே குறியிட்டு வந்தோம், கண்டித்தும் இருக்கிறோம். ஒருநாள் காரணத்தை வற்புறுத்திக் கேட்டபோது, “ஹஜ்ரத், அம்மா அளத்துக்குப் போயிருக்கும், அண்ணனைப் புரட்டிப் படுக்கவைக்க வீட்டில் ஆளில்லை” என்றார். அந்த அண்ணனுக்கு இருபது வயதைக் கடந்துவிட்டது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். தாமாகப் புரள இயலாது. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிவிடாவிட்டால் முதுகில் புண் கண்டுவிடும். காரணம் கேளாமல் கண்டித்தது நம் பிழை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இச்செய்தியை ஜமாஅத் கூட்டத்தில் எடுத்துரைத்து, அவ்வீட்டுக்குக் காலை வேளையில் ஓர் ஆளை அமர்த்தலாமா என்று கேட்டோம். பெரியவர் ஒருவர், “பெற்ற பிள்ளையைப் பார்க்க ஆள் வைப்பது மேல்நாட்டுப் பழக்கம். நம்மில் அப்படியொரு வழக்கம் இருந்ததில்லை. தாய் பார்ப்பது தாய்க்கு நன்மை” என்றார். அவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை; நம்மில் பலருடைய எண்ணமும் அதுவே. ஆயினும் “நம்மில் இருந்ததில்லை” என்பது வரலாற்றைப் பற்றிய ஒரு கூற்று. அது மெய்தானா என்று பார்ப்பது, ஓதிக்கொடுக்கும் நமது கடமையாகிறது.

முதலில் பத்ருக்குச் செல்வோம். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, ரமளான். முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேரே. ஒரு வாள் குறைந்தாலும் தெரியும் என்ற நிலை. அந்நேரத்தில் நபி (ஸல்) அவர்களின் மகளார் ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயில் இருந்தார்கள். அவர்களின் கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை, போருக்கு வராமல் மதீனாவிலேயே தங்கி மனைவியைப் பார்த்துக்கொள்ளுமாறு நபியவர்களே பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். இது புகாரியில் இடம்பெறும் செய்தி. வெற்றிச் செய்தி மதீனாவை எட்டியபோது ருகையா (ரலி) அவர்களின் மண்ணறையை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இச்சம்பவத்தை உஸ்மான் (ரலி) அவர்களின் சிறப்பைக் கூறும் இடத்திலேயே நாம் ஓதிக் கடந்துவிடுகிறோம். ஆனால் இதில் “பங்கு” என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மறுமையின் நன்மை மட்டும் என்று நபியவர்கள் நிறுத்தவில்லை. போரில் கிடைத்த பொருளிலிருந்து, களத்தில் நின்றவருக்கு அளந்த அளவே, வீட்டில் நோயாளியின் அருகே அமர்ந்தவருக்கும் அளக்கப்பட்டது. வீட்டில் பார்த்துக்கொள்பவரின் உழைப்பு, பொதுச் செல்வத்திலிருந்து ஈடு செய்யத் தக்க உழைப்பு என்பதற்கு இதைவிடப் பழைய சான்றை நாம் அறியோம்.

மாற்றுத்திறனாளிகள் பக்கத்திலிருந்தும் மதீனாவைப் பார்க்கலாம். கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ‘அபஸ’ சூரா அவர்கள் பொருட்டே இறங்கியது. அவர்கள் பாங்கு சொன்னார்கள். நபியவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பில் பலமுறை அமர்த்தப்பட்டார்கள். ஆயினும் பள்ளிக்குக் கைபிடித்து அழைத்துவர ஏற்ற ஆள் தமக்கில்லை என்று அவர்களே முறையிட்ட செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. அந்த ஹதீஸை ஜமாஅத் தொழுகையின் கட்டாயத்தை விளக்கவே நாம் எடுத்துக்கொள்கிறோம். “அழைத்துவர ஆளில்லை” என்ற முறையீடு எவ்வளவு பழையது என்பதும் அதில் இருக்கிறது.

அந்நூர் சூராவின் 61ஆம் வசனம், பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், நோயாளிகள் ஆகியோர் பிறர் வீட்டில் உண்பதில் குற்றமில்லை என்கிறது. இதன் பின்னணியாக விரிவுரையாளர்கள் கூறும் அறிவிப்புகளுள் ஒன்று நெஞ்சைத் தொடுவது. போருக்குப் புறப்படும் தோழர்கள் தம் வீட்டுச் சாவிகளை, வெளியே செல்ல இயலாத இவர்களிடம் ஒப்படைத்து, இருப்பதை உண்ணுங்கள் என்று கூறிச் செல்வார்களாம். இவர்களோ, மனமுவந்துதான் சொன்னார்களோ என்னவோ என்று தயங்கிப் பட்டினி கிடப்பார்களாம். உதவி பெறுவோரின் அந்தக் கூச்சம் இன்றும் நம் மஹல்லாவில் உண்டு.

இனி அரசின் ஏற்பாட்டுக்கு வருவோம். உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் ஹிஜ்ரி 86 முதல் 96 வரை (கி.பி. 705–715) ஆட்சி புரிந்தவர். ஹிஜ்ரி 88இல் அவர் நோயாளிகளுக்கென ஓரிடம் நிறுவி மருத்துவர்களை அமர்த்தினார் என்பது வரலாற்றாசிரியர் மக்ரீஸியின் குறிப்பு. அவருக்கு முற்பட்ட தபரீ (மறைவு ஹிஜ்ரி 310) தம் பெருவரலாற்றில் வலீதைப் பற்றிச் சொல்லும்போது, தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை வழங்கி மக்களிடம் கையேந்த வேண்டாம் என்று கூறியதையும், நடக்கவியலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும் பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் கொடுத்ததையும் குறிப்பிடுகிறார். திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலைக் கட்டியவரும் இவரே.

வலீதைப் புனிதராக்குவது நமது நோக்கமன்று. ஹஜ்ஜாஜின் கொடுமைகள் நடந்தது இவருடைய ஆட்சியின் நிழலிலேதான். மக்கள் தம் மன்னரைப் போலவே ஆவர் என்பதற்கு எடுத்துக்காட்டாக, வலீதின் காலத்தில் சந்தித்துக்கொண்டோர் கட்டடங்களைப் பற்றியே பேசினர் என்று பழைய ஆசிரியர்கள் சற்றுக் குத்தலாகவே எழுதியிருக்கின்றனர். ஆயினும் கட்டடப் பித்துப் பிடித்த அம்மன்னர், ஊனமுற்றோர் விஷயத்தில் எல்லாரையும் ஒரு கட்டடத்துள் அடைத்துவிடுவதோடு நிற்கவில்லை. நடக்கவியலாதவர் இருக்குமிடத்திற்கு ஆளை அனுப்பினார். பணியாள் சென்றது வீட்டுக்கு. அங்கே அதுவரை தாயோ மனைவியோ மகனோ செய்துவந்த வேலையில் ஒரு பகுதி அன்றுமுதல் பைத்துல் மாலின் பொறுப்பாயிற்று.

சில ஆண்டுகள் கழித்து உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) பொறுப்புக்கு வந்தார்கள் (ஹிஜ்ரி 99–101). இரண்டரை ஆண்டு ஆட்சி. அவர்கள் செய்ததை இப்னுல் ஜவ்ஸீ அவர்கள் வரலாற்றில் விரிவாகத் தந்திருக்கிறார். ஷாம் நாட்டு நகரங்களுக்கு அவர்கள் ஒரு மடல் எழுதினார்கள். பதிவேட்டிலுள்ள பார்வையற்றோர், எழுந்து நடக்கவியலாதோர், பக்கவாதம் கண்டோர், தொழுகைக்கு நிற்கவிடாமல் தடுக்கும் நீடித்த நோயுடையோர் ஆகிய ஒவ்வொருவரின் பெயரையும் தமக்கு அனுப்பக் கோரினார்கள். பெயர்கள் வந்தன. பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி. நீடித்த நோயாளிகள் இருவருக்கு ஒரு பணியாள். பிறகு அநாதைகளின் பெயர்களைக் கேட்டு, ஐவருக்கு ஒரு பணியாள் என்று பங்கிட்டார்கள்.

இம்மடலில் நாம் நின்று நோக்க வேண்டியவை சில உள. ஒன்று, கணக்கெடுப்பு முதலில் நடந்தது. வந்து கேட்பவருக்குக் கொடுப்போம் என்று அவர்கள் வாசலில் அமர்ந்திருக்கவில்லை. படுக்கையில் கிடப்பவர் வந்து கேட்க இயலாது என்பது வெளிப்படை. இன்னொன்று, ஊனத்தை அளந்த அளவுகோல். எத்தனை விழுக்காடு என்று கேட்கவில்லை. தொழுகைக்கு நிற்க முடிகிறதா என்று கேட்டார்கள். ஒரு முஸ்லிமின் அன்றாட வாழ்வில் எது தடைபடுகிறதோ அதுவே அளவுகோலாயிற்று. இன்று சான்றிதழுக்காக முதுகில் சுமந்து அலுவலகம் அலுவலகமாக அலையும் தந்தையர் இதைக் கேட்டால் பெருமூச்செறிவர். மூன்றாவதாக, “இருவருக்கு ஒருவர்” என்ற கணக்கு. எல்லாருக்கும் முழுநேர ஆளைக் கொடுக்கும் வசதி இல்லாதபோதும், ஒருவருமின்றி விட்டுவிடாமல், பங்கிட்டுக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள்.

அக்காலத்தில் பணியாள் எனப்பட்டோரில் அடிமைகளும் இருந்தனர் என்பதை மறைக்கலாகாது. ஒருவரின் பாரத்தை இறக்க, உரிமையற்ற இன்னொருவரின் தோளில் ஏற்றிய அவ்வழி இன்று நமக்கு ஆகாது, வேண்டவும் வேண்டாம். கூலி பேசி, நேரம் வகுத்து, வியர்வை உலருமுன் கொடுக்கும் ஊழியரைப் பற்றியே நாம் பேசுகிறோம். இன்று பிறர் வீட்டு நோயாளிகளைக் குளிப்பாட்டும் பெண்களுக்கு நாம் கொடுக்கும் கூலியையும் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

“பெற்ற பிள்ளைக்கு ஆள் வைப்பதா?” என்ற பெரியவரின் கேள்விக்கு ஃபிக்ஹ் நூல்களிலும் விடையுண்டு. நஃபகா, அதாவது குடும்பச் செலவுப் பொறுப்பைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். தன் வேலையைத் தானே செய்து பழகிய மனைவிக்குப் பணியாள் அமர்த்துவது கணவன்மீது கடமையன்று. ஆனால் அவள் நோயுற்றாலோ நீடித்த முடக்கத்தில் விழுந்தாலோ கடமையாகிவிடும் என்கின்றன ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள். பணியாள் தேவைப்படும் நிலையிலுள்ள தந்தைக்கு அப்பணியாளின் செலவையும் மகன் ஏற்க வேண்டும் என்பது ஹனஃபீ நூல்களில் வரும் சட்டம். ஒருவருக்கு அவசியமான பணியாள், குடியிருக்கும் வீட்டையும் உடுக்கும் உடையையும் போல அடிப்படைத் தேவையாகவே கருதப்பட்டான். அவன் இருப்பதால் ஒருவர் ஸகாத் பெறும் தகுதியை இழப்பதில்லை. இப்பாடங்களை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். உப்பளத் தெருவில் கிடக்கும் பிள்ளையோடு அவற்றைப் பொருத்திப் பார்க்க நமக்கு இத்தனை காலம் ஆயிற்று.

பிற்காலத்து வக்ஃபுகளைப் பற்றி எழுதினால் கட்டுரை நீளும். ஒன்றை மட்டும் சொல்கிறோம். மம்லூக் சுல்தான் மன்ஸூர் கலாவூன் 1284இல் கெய்ரோவில் நிறுவிய புகழ்பெற்ற மருத்துவமனையின் வக்ஃபு, உள்ளே படுத்திருப்போருக்கு மட்டுமன்றித் தம் வீடுகளிலேயே நோயுற்றுக் கிடக்கும் ஏழைகளுக்கும் மருந்தும் உணவும் வழங்க வழி செய்திருந்தது. அதன் நிர்வாகத்தைக் கவனித்த நுவைரீ தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

நமது கரைக்குத் திரும்புவோம். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் கருத்து. சோழர் காலத்துப் பூமீசுவரர் கோயிலின் கல்வெட்டுகள் இவ்வூரின் பழைமைக்குச் சான்று. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் தனியுரிமையானது. அதன் பின்னர் அளக்கப்பட்ட ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு இருந்திருக்கும். அவ்வுப்பை வாரியவர்களின் வீடுகளில் முடங்கிக் கிடந்தோரைப் பற்றி மட்டும் எந்த ஏட்டிலும் நாம் படித்ததில்லை. பார்த்தவர்கள் பெண்கள், அவர்கள் எழுதிவைக்கவில்லை. பார்க்க முடியாமற் போனபோது என்ன செய்தார்கள்? அதற்கும் தமிழக முஸ்லிம்களின் வரலாற்றில் ஒரு விடை உண்டு. எழுதக் கை நடுங்கும் விடை.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சுல்தான் சையித் இப்ராஹீம் ஷஹீத் (ரஹ்) அவர்களின் தர்கா உள்ளது. மனநோய் கண்டோரை அங்கே கொண்டு சேர்ப்பது நெடுநாள் வழக்கம். முஸ்லிம்கள் மட்டுமல்லர், எல்லா மதத்தாரும், அண்டை மாநிலத்தாரும் வந்தனர். காலப்போக்கில் தர்காவைச் சூழ்ந்து தனியார் காப்பகங்கள் முளைத்தன. குடும்பத்தார் பணத்தைக் கட்டிவிட்டுச் செல்வர். நோயாளிகள் சங்கிலியில் இருப்பர். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் அவ்வாறான ஓலைக் கொட்டகையொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் மாண்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஒரு வாரத்திற்குள் அக்காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. தர்கா வளாகத்திலேயே மருந்தும் துஆவும் சேர்ந்து கிடைக்கும் ஏற்பாடு பின்னர் வந்தது.

தீ நடந்தபோது நாம் இளைஞர்கள். அன்று எழுந்த வாதங்களில் ஒரு சாரார் மூடநம்பிக்கை என்றனர். இன்னொரு சாரார் காப்பக முதலாளிகளின் பேராசை என்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றாவதொரு கேள்வியை அன்று நாம் கேட்கவில்லை. தன் மகனைச் சங்கிலியில் விட்டுவிட்டுப் பேருந்தேறிய தாய், அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அவனை வீட்டில் வைத்துப் பார்த்தாள்? எத்தனை இரவு உறங்காமல் இருந்தாள்? வாரத்தில் ஒருநாள், “நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்ல அவளுக்கு யார் இருந்தார்? ஏர்வாடிக்குச் செல்லும் வழி ஒவ்வொரு மஹல்லாவின் அடைபட்ட கதவுக்குப் பின்னாலிருந்துதான் தொடங்கியது. நேர்ச்சையென்று பெயரிட்டாலும் அந்தப் பயணத்தில் களைப்புக்குப் பெரும் பங்கு இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

களைத்தவருக்கு ஓய்வு என்பதைச் சட்டத்தின் மொழியும் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 28ஆம் பிரிவு, வறுமையிலுள்ள மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்களுக்கு இடை ஓய்வுப் பராமரிப்பு கிடைக்க அரசு உதவ வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மிகுந்த ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்குவதைத் தன் 24ஆம் பிரிவில் குறிப்பிடுகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளைக்கு, குடும்பத்தார் சில நாள் இளைப்பாறும்படி மாற்றுத்திறனாளியைத் தங்கவைத்துப் பார்க்கும் ‘சமர்த்’ திட்டமும், பராமரிப்போரைப் பயிற்றும் ‘சஹயோகி’ திட்டமும், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடும் உள்ளன. தமிழக அரசு கடும் பாதிப்புடையோருக்கு வழங்கும் மாதாந்தரப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் ரூ.1,500இலிருந்து ரூ.2,000 ஆயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. இவற்றைக் கேட்டுப் பெறாமல் இருப்பது நம் குறை. நாம் விசாரித்த வரையில் அந்த மாணவரின் வீட்டில் நிராமயாவின் பெயரைக்கூட அறிந்திருக்கவில்லை.

ஆயினும் ரூ.2,000 உணவுக்கும் துணிக்கும் ஆகும். ஓர் ஆளின் காலை வேளையை வாங்காது. அதை ஊர்தான் கொடுக்க வேண்டும். ஊர் கொடுத்த இடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் வலிதணிப்புச் சங்கம் தொடங்கியது. அதன் கிளையாகப் பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் பரவிய அண்டை அயலார் அமைப்பில் வணிகர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரத்தைப் படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்கு ஒதுக்கினர். சிறுசிறு நன்கொடைகளால் வண்டி ஓடியது. 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டது. படுக்கையில் கிடப்போரை முழுநேரமும் பார்த்துக்கொள்வோருக்கு மாதம் ரூ.600 கொடுக்கும் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டமும் அம்மாநிலத்தில் உண்டு. தொகை சிறிது, அது பார்த்துக்கொள்பவரின் பெயருக்கு வருகிறது என்பதே அதன் பெருமை.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியையும் சொல்லாமல் விடக்கூடாது. 1975இல் கடற்படை அதிகாரிகள் தேர்வின் உடற்பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுடைய கணக்காயர் எஸ். சங்கரராமன் பின்னர் உடன் சேர்ந்தார். பிறர் துணையின்றி அசைய இயலாதவர் கட்டிய அமைப்பிலிருந்து இன்று பயிற்சி பெற்ற ஊழியர்கள் கிராமங்களில் குழந்தைகளின் வீடுகளுக்கே சென்று பயிற்சியளித்து, தாய்மாருக்கும் கற்றுக்கொடுக்கின்றனர். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

மரக்காணத்துக்கு இவற்றில் எது பொருந்தும் என்று எண்ணியபோது, இங்குள்ள இடர் பருவத்தைச் சார்ந்தது என்பது புலப்பட்டது. உப்புக் காலத்தில் வீட்டில் கூலி உண்டு, பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பாத்திகள் மழைநீரில் மூழ்கும். ஆள் வீட்டிலேயே இருப்பர், கூலி இராது. அரசு மழைக்கால நிவாரணமாகத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 வழங்குகிறது; மூன்று மாதத்துக்கு அது எம்மட்டு? ஆகவே ஆண்டு முழுவதற்கும் ஒரே மாதிரி உதவி என்பது இங்கே ஒவ்வாது. தை முதல் புரட்டாசி வரை காலை நேரத்தில் ஆள் வேண்டும். மழைக்காலத்தில் அரிசியும் மருந்தும் வேண்டும்.

ஸகாத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டனர். ஹனஃபீ மத்ஹபில் ஸகாத்தை ஏழையின் உரிமையாக்கிக் கையில் கொடுத்தல் நிபந்தனை. ஜமாஅத் நேரே பணியாளுக்குச் சம்பளமாகக் கொடுத்தால் அது நிறைவேறாது. ஏழையான அக்குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் தம் கையால் பணியாளுக்குக் கூலி கொடுத்தால் தடையேதுமில்லை. இது சட்டத்துக்காக மட்டும் செய்யும் ஏற்பாடன்று. கூலி கொடுக்கும் கை அவ்வீட்டாருடையதாக இருந்தால், வருகிற பணியாளரிடம் அவர்களே வேலை சொல்லலாம், குறை சொல்லலாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தவர்களின் கூச்சம் இதில் ஓரளவேனும் குறையும்.

அளத்தில் நம்மோடு உழைப்போரில் பெரும்பாலோர் பிற சமயத்தார். அவர்களின் வீடுகளிலும் முடங்கிக் கிடப்போர் உளர். அவர்களுக்கு ஸதகாவும் பள்ளிவாசல் கடை வாடகையில் பொதுநலத்துக்கென ஒதுக்கியதும் உதவும். கையேந்தி நின்ற பார்வையற்ற முதிய யூதரை உமர் (ரலி) அவர்கள் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று இயன்றதைக் கொடுத்து, பின்னர் அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் பைத்துல் மாலிலிருந்து உதவ ஆணையிட்டதை இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) தம் கராஜ் நூலில் எழுதியிருக்கிறார்.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் எடுத்துச் சென்றோம். பத்ருடைய பங்கைப் பற்றிக் கூறியபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் யார் யார் வீட்டில் என்று முதலில் எழுதுங்கள்” என்றார். எழுதத் தொடங்கினோம். ஒரே தெருவில் வசிக்கும் சிலரைப் பற்றிக்கூட அதுவரை நமக்குத் தெரியாது. ஒரு வீட்டில் பாயின் மறைவில் பக்கவாதம் கண்ட பாட்டி. இன்னொன்றில் பள்ளிக்கே அனுப்பப்படாத பெண்பிள்ளை.

நம் மாணவரின் அண்ணனுக்கு, கடலுக்குச் செல்வதை நிறுத்திவிட்ட நடுவயதுக்காரர் ஒருவர் இசைந்திருக்கிறார். ஆண்மகனைக் குளிப்பாட்டும் வேலைக்கு ஆணே பொருத்தம். அவ்ரத்தைப் பேணும் முறையை நாமும், தூக்கும் முறையையும் புரட்டும் முறையையும் படுக்கைப்புண் பார்க்கும் முறையையும் அரசு இயன்முறை மருத்துவரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம். இரண்டு வீடு தள்ளி இன்னொரு முதியவர் கிடக்கிறார். புரட்டிவிடும் இடைவெளியில் அவரையும் பார்த்துவிடலாம் என்பதால் இருவருக்கு ஒருவர் என்ற உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் கணக்கையே எடுத்துக்கொண்டோம். ஃபஜ்ருக்கு முன்னிருந்து அம்மா அளத்திலிருந்து திரும்பும் வரை அவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று மஹல்லாவின் இளைஞர் இருவர் முறை வைத்திருக்கின்றனர். மழைக்கால மாதங்களில் அவருக்குக் கூலி எப்படி என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வரும் ஜும்ஆவுக்குப் பின் அதற்காக அமர்கிறோம், இன்ஷா அல்லாஹ்.